சிவக்காத விதை

அல்கோட் ரிடெல் எதையும் நம்பமாட்டார். ஸ்வீடனில் ஸ்காரா ஊரைச் சுற்றியுள்ள சமவெளியில் யாரிடம் அவரைப் பற்றிக் கேட்டாலும், முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் காபிக் கோப்பையைக் கையில் எடுப்பார்கள். வானொலியில் மழை வரும் என்றால் அன்றைக்குப் பார்த்துத் துணியைக் கொடியில் போடச் சொல்வார். மழை கொட்டித் துணி நனைந்துவிட்டால், "இன்னிக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கானுங்க. பின்னாடி என்னமோ இருக்கு" என்பார். ஏரி உறைந்து அதன்மேல் பால் லாரியே போய்க்கொண்டிருக்கும். இவர் கரையில் நின்று கடப்பாரையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணத்தன்று, இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா என்று பாதிரியார் கேட்டதற்கு, "ஏன் கேக்கறீங்க?" என்றாராம். எல்வி சொல்லித்தான் இது ஊருக்குத் தெரியும். எல்வி அவர் மனைவி. பொய் சொல்கிறவர் இல்லை. சொல்வதில் கொஞ்சம் உப்பு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஆளும் இரண்டை மட்டும் நம்பினார். ஒன்று பக்கத்துப் பண்ணை தாகே ஹுல்தின். இன்னொன்று சிவப்பு விதை.

பூஞ்சாணம் வராமலிருக்க மருந்து பூசிய பார்லி விதைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள், யாரும் தெரியாத்தனமாக மாவு அரைத்துவிடக் கூடாதே என்று. ஏப்ரல் வந்தால் அல்கோட்டின் கை சிவப்பு, கைக்குட்டை சிவப்பு, மூக்கின் ஓரம் சிவப்பு. விதைப்பு முடிந்தும் பல வாரம் இருமிக்கொண்டிருப்பார். "அந்தத் தூசி உங்களுக்கு ஆகாது, விட்டுடுங்க" என்று டாக்டர் சொன்னதற்கு, "விட்டுட்டா நீங்களா வந்து என் வயலைக் காப்பாத்துவீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தவர் அவர்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இளவயதில் ஒரு வருஷம் மருந்து பூசாமல் விதைத்துப் பார்த்தார். ஜூனில் இலைகளில் நீளநீளமாகப் பழுப்புக் கோடு விழுந்தது. இலை கந்தலாகக் கிழிந்தது. கதிர் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. அதுவும் சாலையோர வயல். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் பெண்டாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு அடுத்தவன் வயலைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். வண்டி ஊர்ந்து போகும். யாரும் இறங்கமாட்டார்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். திட்டிவிட்டுப் போனால்கூடத் தேவலை. அந்தக் கோடையில் அல்கோட் ஞாயிறானால் திரையை மூடிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து சிவப்பில்லாத விதை அவர் வயலில் விழுந்ததில்லை.

தாகே விஷயம் வேறு. உருண்டையான ஆள், சிரித்தால் வயிறுதான் முதலில் குலுங்கும். விதைக்கிற இயந்திரம் அல்கோட்டுடையது, அறுவடை இயந்திரம் தாகேயுடையது. ஏப்ரலில் இது அங்கே போகும், ஆகஸ்ட்டில் அது இங்கே வரும். முப்பது வருஷமாக இப்படித்தான். பேச்சு கிடையாது, பத்திரம் கிடையாது. இரண்டு கொட்டகைக்கும் பூட்டு கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் பார்லி கதிரிலேயே முளைத்துவிடும். அந்த நேரத்தில் அறுவடை இயந்திரம் இல்லாதவன் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், ஈஸ்டருக்கு முந்தின வாரம், கூட்டுறவுச் சங்கத்து லாரி வந்து இரண்டு பண்ணைக்குமான விதையைத் தாகே வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனது. மூட்டை தூக்கும் வண்டி தாகேயிடம்தான் இருந்தது. அவரே அல்கோட்டின் பங்கைக் கொண்டுவந்து கொட்டகையில் அடுக்கிவிட்டு, வழக்கமாக ஒரு மணி நேரம் காபி குடிப்பவர், "வேலை கிடக்கு" என்று சொல்லி உடனே கிளம்பிவிட்டார்.

அதுவே அல்கோட்டுக்குப் பிடிக்கவில்லை. கத்தியால் ஒரு மூட்டையின் வாயைக் கீறினார். கையை விட்டு அள்ளினார்.

சிவப்பு இல்லை.

பொன்னிறமாக, சும்மா பார்லி போல இருந்தது. விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு. முகர்ந்தால் ஆறிப்போன வாணலி வாசனை. அடுத்த மூட்டையைக் கீறினார். அதுவும் அப்படியே. கொட்டகைக்கு வெளியே வந்து வேட்டைத் தொலைநோக்கியில் தாகே வீட்டுப் பக்கம் பார்த்தார். மூட்டை இறக்கிய இடத்தில் மிச்சமிருந்த பனியின்மேல் சிவப்புத் தூசி சிந்திக் கிடந்தது, இங்கிருந்தே தெரிந்தது.

அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? அவனுக்குச் சிவப்பு, எனக்கு மாட்டுத் தீவனம். தூசி பறக்காமலிருக்க எண்ணெய் வேறு தடவியிருக்கிறான். முப்பது வருஷம் காத்திருந்து செய்திருக்கிறான், பெரிய ஆள்தான்.

போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் நேராகக் கேட்பதும் ஒன்று, சட்டையைப் பிடிப்பதும் ஒன்று. அதனால் கேட்கமாட்டோம், வேறு ஏதாவது செய்வோம். அல்கோட் ஸ்காரா கடைத்தெருவுக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்து, விதைக்கிற இயந்திரம் நிற்கிற கொட்டகையில் மாட்டினார்.

"என்ன அது?" என்றார் எல்வி.

"பூட்டு."

"கண்ணு தெரியுது எனக்கு. எதுக்கு?"

"திருட்டு அதிகமாயிடுச்சாம். ரேடியோல சொன்னான்."

"ரேடியோவை நீ எப்போலருந்து நம்ப ஆரம்பிச்ச?"

அல்கோட் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மருந்து பூசிய விதையைத் தின்றால் கோழி செத்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் எல்வி பார்க்காத நேரமாகப் பார்த்து, புது மூட்டையிலிருந்து ஒரு டப்பா அள்ளிப் பழுப்புக் கோழிகளுக்குப் போட்டார். கோழி செத்தால் மருந்து இருக்கிறது, தாகே யோக்கியன். சாகாவிட்டால் மருந்து இல்லை, தாகே திருடன். இவ்வளவு சுத்தமான வழக்கு ஸ்காரா கோர்ட்டில்கூட நடந்திருக்காது.

கோழிகள் சாகவில்லை. மறுநாள் கொஞ்சம் கூடுதலாகப் போட்டார். சாவதாவது! ஒன்று இவர் பூட்ஸ் காலைக் கொத்தி இன்னும் கேட்டது.

ஈஸ்டர் சாப்பாடு வருஷா வருஷம் தாகே வீட்டில்தான். தாகேயின் மனைவி குன்வோர் ஈஸ்டர் வழக்கப்படி பிர்ச் மரக் குச்சிகளில் கலர் இறகு கட்டி மேசை நடுவில் வைத்திருந்தார். ஹெர்ரிங் மீன் ஊறல், உருளைக்கிழங்கு, சின்னச் சின்னக் கிளாஸில் சாராயம், நடுவில் பெரிய கிண்ணம் நிறைய அவித்த முட்டை. அன்றைக்கு யார் அதிகம் முட்டை சாப்பிடுவது என்று ஒரு போட்டி நடக்கும். பல வருஷமாக ஜெயிப்பவர் அல்கோட்.

திருடன் வீட்டில் சாப்பிடுவதா, போகவே கூடாது என்றுதான் முதலில் நினைத்தார். காரணம் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் வந்துவிட்டார். உட்கார்ந்து முட்டையைப் பார்த்தார். பழுப்பு ஓடு. பளபளவென்று இருந்தது.

"எல்வி," என்றார் மெதுவாக, "இது யார் வீட்டு முட்டை?"

"என்ன கேள்வி இது? வருஷா வருஷம் யார் கொண்டுவர்றதாம்? நம்ம கோழிங்கதான். இந்த வாரம் என்னமா இட்டுத் தள்ளியிருக்குதுங்க தெரியுமா!"

அல்கோட் கையை மடியில் வைத்துக்கொண்டார். தாகேயைத் திருடன் என்று முடிவு கட்டுவதற்குக் கோழி சாகாதது போதுமாக இருந்தது. அந்த முட்டையைத் தன் வாயில் போடுவதற்கு அந்தச் சாட்சி போதவில்லை. உடனே கொல்லாத விஷமும் உண்டே. கோழி வயிறு வேறு, மனுஷன் வயிறு வேறு.

தாகே ஒரு முட்டையை உரித்தார், மேலே டியூபிலிருந்து மீன்முட்டைப் பசையைப் பிதுக்கினார், இரண்டே வாயில் முடித்தார். இன்னொன்றை எடுத்தார். அல்கோட் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் உள்ளே போனது. கை மறுபடி கிண்ணத்துக்கு நீண்டது.

"போதும் தாகே. நிறுத்து."

தானே பேசியதுதான் என்று அல்கோட்டுக்கே நம்ப முடியவில்லை.

"ஏன்?"

"கொலஸ்ட்ரால்."

குன்வோர் பக்கென்று சிரித்துவிட்டார். தாகே சிரிக்கவில்லை.

"என் கொலஸ்ட்ரால்மேல உனக்கு இன்னிக்குத்தான் அக்கறை வந்துச்சா? நீ ஏன் ஒண்ணுகூடத் தொடல?"

"பசிக்கல."

"ஈஸ்டர் அன்னிக்கு உனக்குப் பசிக்கலையா? போன வருஷம் ஓட்டை உரிக்கப் பொறுமையில்லாம அப்படியே முழுங்கப் பார்த்தவன் நீ." தாகே முட்டையைத் தட்டில் வைத்தார். "நேத்து உன் வீட்டுப் பக்கம் வந்தேன் அல்கோட். பூட்டைப் பார்த்தேன். யாருக்குப் பூட்டுனான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். இந்த ரோட்டுல இருக்கறது நீயும் நானும்தான்."

அல்கோட் ஒரு கிளாஸ் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சிவப்பில்லாத விதை, பனிமேல் தூசி, எண்ணெய், கோழி.

எல்வி தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி மனுஷா! அந்த விதையைச் சொன்னது நான்தான்."

"எதை?"

"அந்த விதையை. சாயம் போடாத விதையை. குளிர்காலத்துல தாகே சங்கத்துக்குப் போன் பண்றப்போ, எங்களுக்கு மட்டும் புது மாதிரி சொல்லுன்னு நான்தான் சொன்னேன். உன்கிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான். சொல்லியிருந்தா விடுவியா நீ? வருஷா வருஷம் தூசியை உள்ள இழுத்துட்டு, ஜூன் வரைக்கும் கதவே ஆடற மாதிரி இருமற. டாக்டர் சொன்னா அவரைச் சந்தேகப்படற. நான் வேற என்ன பண்ண?"

"அப்போ என்ன மருந்து அதுல?"

"மருந்தே இல்லை. பாக்டீரியா. எண்ணெயில கலந்து பூசியிருக்காங்க."

அல்கோட் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "கிருமியா? விதைக்குக் கிருமியைப் பூசிக் குடுத்திருக்காங்களா?"

"நல்ல கிருமி."

"அதை யார் சொன்னது? கிருமியா?"

குன்வோர் தன் தட்டிலிருந்த பாதி முட்டையை உற்றுப் பார்த்தார். "எல்வி, அப்போ நாங்க சாப்பிட்டதும்..."

"நீ தினம் காலையில புளிச்ச பால் குடிக்கிறியே, அதுல என்ன தேவதையா நீந்துது? அதுவும் கிருமிதான். சாப்பிடு." எல்வி புருஷன் பக்கம் திரும்பினார். "மண்ணுல சும்மா கிடக்கற கிருமிதான் அது. விதை மேல குடியிருக்கும். முளை விடறப்போ பூஞ்சாணம் எழுந்திரிச்சு வரும் பாரு, அதுக்கு முன்னாடியே இது பரவி இடத்தைப் பிடிச்சுக்கும். எல்க் மான் வேட்டையன்னிக்கு நீ விடியறதுக்கு முன்னாடியே போய் நல்ல மேடாப் பார்த்து உக்காந்துக்கறியே, அப்புறம் வர்றவனுக்கெல்லாம் சேறுதானே மிச்சம்? அந்த மாதிரி."

அல்கோட்டுக்கு இது கொஞ்சம் புரிந்தது. அந்த மேட்டை அவர் யாருக்கும் விட்டதில்லை. ஆனால் புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்போ என் சந்தேகம் சரிதானே? எல்லாரும் சேர்ந்து என்னமோ மறைச்சீங்க இல்ல?"

"மறைச்சது நிஜம்தான். ஆளைத்தான் தப்பாப் பிடிச்ச."

தாகே கேட்டார். "கோழி சாகலை, அதனால நான் திருடன். அப்படித்தானே?"

"ம்."

"செத்திருந்தா?"

"நீ யோக்கியன்."

"அப்போ உன் கோழி சாகணும்னு ஒரு தடவையாவது வேண்டிக்கிட்டியா?"

அல்கோட் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாவது நாள் வேண்டிக்கிட்டேன்" என்றார். அது நிஜம்.

வேறொரு நாளாக இருந்தால் தாகேயின் வயிறு குலுங்கியிருக்கும். அன்றைக்குக் குலுங்கவில்லை. "நடுவுல ரெண்டே வயல். நடந்து வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. கோழிகிட்ட போய்க் கேட்டிருக்க." எழுந்து தன் தட்டை எடுத்துக்கொண்டார். "ஆகஸ்ட்டுக்கு வேற மெஷின் பார்த்துக்கோ, அல்கோட்."

வீட்டுக்கு வந்த அல்கோட் முதலில் சங்கத்துக்குப் போன் செய்தார். சிவப்பு விதை தீர்ந்துவிட்டது என்றார்கள். எதிர்பார்த்த பதில்தான், அவர்களும் இதில் கூட்டு. வேறு வழியில்லை, கிருமியைத்தான் விதைத்தாக வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் களிமண் பக்குவத்துக்கு வந்தது. பிடித்த பிடி கையில் உதிர்ந்தது. முதல் காய்ந்த நாள் எப்போதும் இயந்திரத்துக்குச் சொந்தக்காரருடையது. அவர் விதைத்து முடித்த பிறகுதான் அது தாகேயிடம் போகும். அன்று காலை அல்கோட் பூட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டார். டிராக்டரில் இயந்திரத்தைக் கோத்துக்கொண்டு நேராகத் தாகே வீட்டு முற்றத்துக்குப் போய், இரண்டையும் அங்கேயே விட்டார். சாவியைத் தொடவில்லை. வயல் வழியே நடந்து வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் தாகே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். துடைத்து, கிரீஸ் போட்டு. எல்வி காபி வைத்துவிட்டுக் கூப்பிட்டார். தாகே தொப்பியைத் தொட்டுவிட்டுக் காபி குடிக்காமலே போனார். அடித்துக்கொண்டவர்கள்கூட எங்கள் பக்கம் காபி குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

அல்கோட் விதைத்தார். அந்த வருஷம் இருமல் இல்லை. இருமல் ஏன் வரவில்லை என்று ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

பார்லி முளைத்தது, தரையெல்லாம் பச்சை. தினமும் காலையில் ஸ்டாம்பு பார்க்கிற பூதக்கண்ணாடியோடு வயலில் குந்திக்கொண்டு இலை இலையாகப் பார்த்தார். கோடு இல்லை. "இப்போ தெரியாது. ஜூன்ல தெரியும்" என்றார். ஜூன் வந்தது. கோடு இல்லை. "கதிர் வரட்டும்" என்றார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் கார்கள் ஊர்ந்து போவதைத் திரைக்குப் பின்னாலிருந்து வேட்டைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். தாகேயின் கார் வந்தது. நின்றது. கதவு திறந்து ஆளும் இறங்கிவிட்டார்.

"எல்வி! இறங்கறான்! வயல்ல இறங்கறான்!"

"இறங்கட்டும். நிலநடுக்கமா வந்துடும்?"

தாகே குனிந்து ஒரு இலையைப் பறித்தார். வெயிலுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த இலை அல்கோட்டைத் தூங்கவிடவில்லை. கோடு இருந்த இலையாக இருக்குமோ? ஊரெல்லாம் காட்டுவானோ? அதே இடத்தில் போய் அக்கம்பக்கத்து இலைகளையெல்லாம் சோதித்தார். எதுவும் தென்படவில்லை. தென்படாதது இன்னும் மோசமாக இருந்தது.

ஆகஸ்ட்டில் கதிர்கள் முழுசாக வெளியே வந்து, மீசையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன. ஒன்றுகூடத் தொண்டையில் சிக்கவில்லை. வானொலி தொடர்ந்து மழை சொன்னது. இந்த முறை அல்கோட் துணியைக் காயப்போடச் சொல்லவில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது அவர் கண்ணுக்கே தெரிந்தது. அறுவடை இயந்திரம் வைத்திருந்த வேறு இரண்டு பேருக்குப் போன் செய்து பார்த்தார். அவரவர் வயலே கிடக்கிறது என்றார்கள்.

எல்வி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார், "நடுவுல ரெண்டே வயல்."

அல்கோட் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். தாகே கொட்டகையில் அறுவடை இயந்திரத்துக்கு அடியில் கிடந்தார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"தாகே."

"ம்."

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அந்த இலையை எதுக்குப் பறிச்ச?"

இயந்திரத்துக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "குன்வோர்கிட்ட காட்ட. கோடே இல்லைன்னு சொன்னா நம்பல அவ. அடுத்த வருஷம் எங்களுக்கும் அந்த விதையே சொல்லலாம்னு பார்க்கறேன். சிவப்புத் தூசியில எனக்கும் மூக்கு ஒழுகுது."

"ஓ."

"இதைக் கேக்கவா ரெண்டு வயல் தாண்டி வந்த?"

"இல்ல. மெஷினைக் கேக்க வந்தேன்." அல்கோட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கேட்டா குடுப்பியா?"

தாகே ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். "சாவி எங்க இருக்கும்?"

"வண்டியிலதான்."

"எங்கேயாவது பூட்டு தெரியுதா உனக்கு?"

அல்கோட் கொட்டகைக் கதவை நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். தெரியவில்லை.

"உன் வயலைத்தான் முதல்ல அறுக்கணும்" என்றார் தாகே. "எண்ணெய் மாத்திட்டிருந்தேன், முடிஞ்சிடுச்சு. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம், வரலைன்னா நாளைக்கு நானே கொண்டுவந்துடலாம்னு இருந்தேன். எல்விகிட்டச் சொல்லாதே, உப்பு போட்டு ஊரெல்லாம் சொல்லிடுவா."

இயந்திரத்தின் இரும்புப் படியில் தாகேயின் சாப்பாட்டு டப்பா இருந்தது. அதைத் திறந்து அவித்த முட்டை இரண்டை எடுத்து ஒன்றை நீட்டினார். "பிடி. எங்க கோழிதான்."

அல்கோட் வாங்கி உள்ளங்கையில் உருட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"என்ன தீனி போடற அதுங்களுக்கு?"

"கேட்டுட்டான்!" தாகேயின் வயிறு ஈஸ்டருக்குப் பிறகு முதல் தடவையாகக் குலுங்கியது. "இப்படித்தான் அப்பவே நேரா என்கிட்ட கேட்டிருக்கணும். சொல்லமாட்டேன் போ."

மேற்கே இடி உருண்டது. அல்கோட் வானத்தைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், தாகேயைப் பார்த்தார். இரும்புப் படியில் தட்டி ஓட்டை உரித்துப் பாதியைக் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றுகொண்டே நின்றார், வயிறு என்ன சொல்கிறது என்று கேட்பவர் போல. பிறகு கையை நீட்டினார்.

"உப்பு இருக்கா?"

தாகே காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். அல்கோட் அதில் ஒரு விரலைத் தொட்டு முதலில் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மீதி முட்டைமேல் தூவிக்கொண்டு அறுவடை வண்டியில் ஏறினார்.